கடலுக்கு எவ்வளவு டெபாசிட்?

எங்கள் குடும்பத்தில் யார் பீச்சுக்குக் கிளம்பினாலும் சித்தியை அழைக்காமல் போனதில்லை. ஆஹா, என்ன பாசம் என்று கண்கலங்கிவிடாதீர்கள். செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டிலிருந்து மெரினா பத்து நிமிஷ நடை. அது எங்களுக்கு. சித்திக்கு ஆட்டோ. மூன்று வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவர். காலில் காலிபர், அக்குளில் கட்டை. ரோட்டில் எங்களுக்குச் சமமாக வருவார். மணலில் கட்டையை ஊன்றினால் அது பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் மணல் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிற திண்டில் அவரை உட்கார வைப்போம். அடுத்த நிமிஷம் அவர் மடியில் வாட்ச், மணிபர்ஸ், மூக்குக்கண்ணாடி. காலடியில் பதினோரு ஜோடி செருப்பு. "இதோ வந்துடறோம் சித்தி!" என்று ஓடுவோம். ஒன்றரை மணி நேரம் கழித்து, நனைந்த பேன்ட்டும் சுண்டல் பொட்டலமுமாகத் திரும்புவோம். சித்தியின் பங்கு, பொட்டலத்தின் அடியில் ஆறிப்போன நாலு பட்டாணி.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை ஸார். நாற்பது வருஷம்! நான் பிறப்பதற்கு முன்பே அவர் அந்த உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், சித்திக்குச் சொந்தமாகச் செருப்பே கிடையாது. காலிபரோடு சேர்ந்த பூட்ஸ்தான்.

அசடு என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். ஒரு பைசா இடித்தாலும் ஃபைல் திரும்பிப் போய்விடும். நான் பி.காம். சேர்ந்ததே அவர் பேச்சைக் கேட்டுத்தான். (பின்னால் கணக்கை விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்தது மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல்!)

2018-ல் சித்தி ரிடையர் ஆனார். வீட்டில் சின்னதாக ஒரு விருந்து. "என்ன பரிசு வேணும் சித்தி?" என்று கேட்டேன். புடவை, மிஞ்சிப்போனால் ஒரு மிக்ஸி என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு தடவை அலையிலே காலை வைக்கணும்டா. ஆனா ஒண்ணு. யாரும் என்னைத் தூக்கக்கூடாது."

சபை கப்சிப். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரை இந்தக் கேள்வி கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

* * *

கடலைக் கிட்டே கொண்டுவர முடியாது. சக்கர நாற்காலியைக் கொண்டுவரலாமே? ஆஸ்பத்திரிக் கட்டில், ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிற ஒரு கடையில் போய் நின்றேன். டெபாசிட் மூவாயிரம், நாள் வாடகை நூற்றைம்பது. ரசீது வாங்கிக்கொண்டு, ஏதோ அம்பாசடர் காரையே ஓட்டிக்கொண்டு வருகிற மிதப்பில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மணலில் இறங்கிப் பதினைந்து அடிகூட ஆகவில்லை. முன்னால் இருக்கிற இரண்டு சின்னச் சக்கரங்களும் சொல்லி வைத்தாற்போல் புதைந்தன. நான் பின்னாலிருந்து அழுத்தித் தள்ள, சித்தி முன்னால் சரிய, "ஏய், நிறுத்துடா!" என்று அவர் கத்த, ஒரே களேபரம். நல்ல மனசுள்ள நாலு இளைஞர்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு கால் பிடித்து நாற்காலியோடு சித்தியைத் தூக்கிவிட்டார்கள். எது கூடாது என்றாரோ, அது நடந்துவிட்டது. "ரோட்டுக்கே கொண்டு போய் விட்டுடுங்க தம்பி" என்றார் சித்தி.

திண்டுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறோம். அந்தப் பக்கமாக வந்த ஒரு அம்மா சித்தியைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். பர்ஸைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நோட்டைச் சித்தியின் மடியில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. சித்தி நோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "பணம் வாங்கினா ரசீது கொடுக்கணுமேடா. அதுக்குள்ளே போயிட்டாங்களே" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆட்டோவில் வரும்போது அவரும் சிரிக்கவில்லை.

கடைக்காரர் நாற்காலியைச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றினார். 'கரக் கரக்' என்றது. "பீச்சுக்கா சார் கொண்டு போனீங்க? உப்பு மணல் பேரிங்குக்குள்ளே பூந்துடுச்சு. இனி துருதான்" என்று அறுநூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். சண்டை போட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். காமர்ஸ் படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் என்ன என்று தெரியாதா?

* * *

தோற்றவனுக்குத்தான் ஆராய்ச்சி புத்தி வரும். ஏன் புதைந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

விஷயம் ரொம்ப எளிது. சாதாரண சக்கர நாற்காலியின் டயர் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லி. காற்றையும் கெட்டியாக அடித்திருப்பார்கள். ஆளும் நாற்காலியுமாக எண்பது கிலோ எடை, தரையில் படுகிற சில விரற்கடை இடத்தில் இறங்குகிறது. சிமென்ட் தாங்கும். மணல் தாங்குமா? ஒட்டகத்தின் பாதம் ஏன் பலகை மாதிரி பரந்து இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பாடம்தான்.

கடற்கரைக்கென்றே செய்கிற சக்கர நாற்காலிக்கு டயர் கிடையாது, பலூன்! ஒரு சாண் அகலத்துக்கு உப்பிய சக்கரங்கள். என் ஸ்கூட்டருக்கு இருபது பவுண்டுக்கு மேல் காற்று அடிக்கிறேன். இதற்கு நாலு பவுண்டே ஜாஸ்தி. அதனால் சக்கரம் மணலில் அமுங்கிப் பரந்து, எடையைப் பிரித்துக் கொடுத்துவிடும். சட்டம் அலுமினியம், பிளாஸ்டிக் குழாய் என்று துருப்பிடிக்காத சரக்கு. சில ரகங்கள் தண்ணீரில் மிதக்கவே செய்யும். ஒரே குறை, பெரும்பாலானவற்றை உட்கார்ந்திருப்பவர் தானே உருட்ட முடியாது. தள்ள ஓர் ஆள் வேண்டும்.

வெளிநாடுகளில் இது புதுசே இல்லை. ஃப்ளோரிடாவில் நாற்காலியை ஓட்டல் வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்து, நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வாடகை வாங்குகிற கம்பெனிகள் இருக்கின்றன. நம் ஊரில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுக்கிறோமே, அந்த மாதிரி. கலிஃபோர்னியாவில் பல கடற்கரைகளில் இலவசம். எந்தெந்தக் கடற்கரையில் கிடைக்கும் என்று அங்குள்ள கடலோர ஆணையமே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. ஸான் டியகோ நகரத்தில் மோட்டார் வைத்ததுகூட உண்டு. ஒரு குச்சியை விரலால் அசைத்தால் போதும், யாரும் தள்ள வேண்டாம்.

கிரேக்க நாட்டுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. கரையிலிருந்து தண்ணீருக்குள் தண்டவாளம் மாதிரி போட்டிருக்கிறார்கள். பேர் ஸீட்ராக். சூரிய சக்தியில் ஓடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்கினால் நேரே கடலுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். நீந்தி முடித்துத் திரும்ப வந்து உட்கார்ந்தால் கரைக்குக் கொண்டுவந்துவிடும். தள்ளுவதற்கு ஆள் கிடையாது, தூக்குவதற்கு ஆள் கிடையாது. இதைச் சித்தியிடம் சொன்னபோது, "தேங்க்ஸ் சொல்றதுக்கும் ஆள் கிடையாதா?" என்று கேட்டார். "கிடையாது" என்றேன். "அடேயப்பா!" என்றார்.

* * *

நம்ம மெரினா விவகாரம் கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே முதல் எதிரி தூரம்.

ஒரு காலத்தில் கடல் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. 1870-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். கரையோரமாக வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த மணலை அந்தச் சுவர் வழிமறித்தது. போக வழியில்லாத மணல் தெற்குப் பக்கம் சேர்ந்து சேர்ந்து இவ்வளவு பெரிய மைதானம் ஆகிவிட்டது. வடக்கே ராயபுரத்துப் பக்கம் அரிப்பு, இந்தப் பக்கம் குவிப்பு. 1884-ல் கிராண்ட் டஃப் என்கிற கவர்னர் உலாவும் சாலை போட்டு, 'மெரினா' என்று பெயரும் வைத்தார். அன்றைக்கே சித்தி பிறந்திருந்தால் அலை ரொம்பப் பக்கம்! கப்பலுக்கு வழி பண்ணப் போய்ச் சித்தியின் வழியை அடைத்துவிட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகள் பல வருஷம் மன்றாடினார்கள். டிசம்பர் மாதத்தில் மட்டும் தற்காலிகப் பாதை போட்டு, சில நாளில் பிரித்துவிடுவார்கள். கடைசியில் 2022 நவம்பர் 27-ம் தேதி நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர், செலவு சுமார் 1.14 கோடி. மீட்டருக்கு 43 ஆயிரத்துச் சொச்சம் என்று என் மூளை உடனே வகுத்துப் பார்த்தது. திறந்து பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 9 ராத்திரி, 'மாண்டஸ்' புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. "கடல் வட்டியோட கேட்குதுடா" என்றார் சித்தி, பேப்பரைப் பார்த்துவிட்டு. பிறகு செப்பனிட்டார்கள்.

2023-ல் ஒரு நாள் காலை சித்தியை அழைத்துப் போனேன். இதற்குள் அவர் கட்டையை விட்டுச் சொந்த சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். போலியோ வந்தவர்களுக்கு வயசாகும்போது பலம் மறுபடியும் குறையுமாம். பாதையில் ஏறியதும், "கையை எடுடா" என்றார். எடுத்தேன். தானே உருட்டிக்கொண்டு போனார். மரப்பலகையில் சக்கரம் கடகடவென்று ரயில் மாதிரி சத்தம் போட்டது. நடுவில் ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. "கொஞ்சம் வழி விடறீங்களா?" என்று சித்தி கேட்க, இருவரும் துள்ளி விலகினார்கள். வாழ்நாள் முழுக்கப் பிறருக்கு வழிவிட்டு ஒதுங்கியவர், அன்று மெரினாவில் வழி கேட்டார்!

பாதை முடிகிற மேடையில் நாற்காலியை நிறுத்தினார். பேசவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "அலை உடையற இடத்தை இன்னிக்குத்தான்டா பார்க்கறேன்" என்றார். "நான் உட்கார்ற இடத்திலேர்ந்து மணலுக்கு மேலே ஒரு நீலக் கோடுதான் தெரியும். சத்தம் மட்டும் வரும்."

மேடைக்கும் அலைக்கும் நடுவே அன்றைக்கு ஐம்பது, அறுபது அடி மணல். அவ்வளவுதான். ஆனால் சித்தியின் நாற்காலிக்கு அது இன்னொரு கடல்.

நான் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றினேன். கையில் எடுத்தேன். சித்தியின் பக்கத்தில் வைக்கப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. சித்தியும் பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று நான் தண்ணீருக்குப் போகவில்லை.

* * *

வீட்டுக்கு வந்ததும் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். அந்த ஐம்பது அடிக்கு ஒரு வாடகைக் கணக்கு.

பலூன் சக்கர நாற்காலி அமெரிக்காவில் இரண்டாயிரம் டாலருக்கு மேல். கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்து ஒன்று 2.25 லட்சம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டு நாற்காலி 4.5 லட்சம். ஐந்து வருஷத் தேய்மானம் போட்டால் வருஷத்துக்கு 90 ஆயிரம். தள்ளுவதற்குப் பழகிய இரண்டு பேர், மாசம் 15 ஆயிரம் வீதம் வருஷத்துக்கு 3.6 லட்சம். ரிப்பேர், கொட்டகை, கழுவத் தண்ணீர், 50 ஆயிரம். ஆக மொத்தம் 5 லட்சம். ஒரு நாளைக்குப் பத்துப் பேர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 3,000 பேர். தலைக்கு 167 ரூபாய்!

ஒரு குடும்பம் பீச்சில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜியும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டால் இதைவிட அதிகம் ஆகும் ஸார். பீச்சில் குதிரைக்கு வாடகை இருக்கிறது. ராட்டினத்துக்கு இருக்கிறது. பலூன் சுடுகிற துப்பாக்கிக்கு இருக்கிறது. பலூன் சக்கரத்துக்கு இருந்தால் என்ன?

வெற்றிக் களிப்போடு சித்தியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டிப் பார்த்தார். (தணிக்கை!) "கணக்கு சரி" என்றார். என் மனைவி விடவில்லை. "அதென்ன நியாயம்? நீங்களும் நானும் ஓசியிலே நடந்து போய்க் காலை நனைக்கறோம். சித்தி மட்டும் எதுக்கு 167 ரூபாய் கட்டணும்? கடல் எல்லாருக்கும் பொதுதானே?"

எனக்குப் பதில் இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். எல்லோரும் சித்தி மாதிரி பென்ஷன் வாங்குகிறவர்களா? 2016-ம் வருஷத்துச் சட்டம் பொழுதுபோக்கிலும் அவர்களுக்குச் சம உரிமை என்கிறது. உரிமைக்கு வாடகை வாங்கலாமா?

சித்திதான் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பேர் சொல்றதும் சரி. வாடகை வேணாம். ஆனா 'ஐயோ பாவம், கூட்டிட்டுப் போங்க'ன்னு ஓசியிலேயும் வேணாம். அன்னிக்கு அந்தம்மா பத்து ரூபா வெச்சுட்டுப் போனாங்களே, அதுவும் ஓசிதான். டெபாசிட் வாங்கிக்கட்டும். ரசீது கொடுக்கட்டும். இந்தத் தேதி, இந்த மணின்னு முன்கூட்டியே பதிவு பண்ணிக்கட்டும். நாற்காலி நல்லபடியா திரும்பி வந்தா டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கட்டும். தரும காரியம்னா, காற்று இறங்கிக் கிடந்தா யாரும் கேட்க முடியாது. என் பணம் அங்கே இருந்தா நான் கேட்பேன்ல?"

முப்பத்து நாலு வருஷக் கணக்குப் பிரிவு பேசியது. கலிஃபோர்னியாக்காரனும் பல இடங்களில் பணம் வாங்குவதில்லை, அடையாள அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியை எடுத்துப் போ என்கிறான். இரவல் வாங்குகிறவரை நம்புகிறோம் என்று அர்த்தம். நம்புவதும் இரக்கப்படுவதும் ஒன்றா என்ன?

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நாற்காலியை வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. மெரினா அலை முரட்டு அலை. அடியில் இழுப்பு அதிகம். மிதக்கிற நாற்காலியை ஒரு அலை புரட்டிப் போட்டுவிடும். அதனால் கணுக்கால் அளவுத் தண்ணீர், பழகிய இரண்டு பேர், பெல்ட், இதெல்லாம் இல்லாமல் இறங்கக்கூடாது. என் கணக்கில் நாற்காலியைவிட ஆள் சம்பளம் நாலு மடங்கு வந்ததற்குக் காரணம் இதுதான். நாற்காலிக்கு நன்கொடை கொடுக்க ஆள் கிடைத்துவிடுவார்கள், பெயர் எழுதலாம் அல்லவா? சம்பளத்தின் மேல் பெயர் எழுத முடியாது. அங்கேதான் இந்த மாதிரித் திட்டமெல்லாம் படுத்துக்கொள்ளும்.

போன வாரம் பென்ஷன் எடுத்துக்கொண்டு வந்த சித்தி, பீரோவிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துக் காட்டினார். மேலே அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், 'கடல் - டெபாசிட் - ரூ.500' என்று எழுதியிருந்தது. உள்ளே ஐந்து நூறு ரூபாய் நோட்டுகள்.

"எந்த பீச்சிலே அந்த நாற்காலி வந்தாலும் சொல்லு. கட்டிட்டு வா" என்றார். "ரசீதை மட்டும் மறக்காம கேட்டு வாங்கிடு."